தளை அறுக்கப் போனவள்

சுரங்க ஊரான கரகந்தாவில் ஒரு குழந்தை எழுந்து நின்று தத்தித் தத்தி இரண்டு அடி வைத்துவிட்டால், வீட்டில் முதலில் எழும் பேச்சு தளையை யார் அறுப்பது என்பதுதான். கறுப்பும் வெள்ளையுமாக முறுக்கிய கயிற்றைப் பிள்ளையின் இரண்டு கணுக்கால்களிலும் கட்டி, வெள்ளைத் துணியில் நிறுத்துவார்கள். ஒருவர் வந்து அதை வெட்டிவிட வேண்டும். வெட்டுகிறவருடைய நடைதான் பிள்ளைக்கு வரும். சோம்பேறி வெட்டினால் பிள்ளையும் சோம்பேறி. தடுக்கி விழுகிறவர் வெட்டினால் ஆயுசுக்கும் தடுக்கல்தான். இதையெல்லாம் நம்பாதவர்கள் ஊரில் உண்டு. ஆனால் தன் பிள்ளை என்று வரும்போது, கால் சரியில்லாத ஒருவரைத் தேடிப்போய்க் கத்தரிக்கோலைக் கொடுத்தவர் யாரும் இல்லை.

அந்த நம்பிக்கை அதிகம் வேலை வாங்கியது கம்ஷாத்தைத்தான். சுரங்கத்துக்கு ஆட்களை ஏற்றிப்போகும் பேருந்தை ஓட்டியவருடைய மகள் அவள். சின்ன வயதிலேயே அல்மாட்டி பாலே பள்ளிக்கு அனுப்பினார்கள். பதினாறு வயதில் அங்கேயிருந்து திருப்பி அனுப்பிவிட்டார்கள். தோள் அகலமாம், உயரம் அதிகமாம், தூக்கி ஆடும் பையன்கள் முனகுகிறார்களாம். ஊருக்கு வந்தவள் அழுதுகொண்டு உட்காரவில்லை. ஆந்தை இறகு செருகிய தொப்பியோடு கல்யாண வீடுகளில் ஆடினாள். அங்கே பார்த்த தாய்மார்கள்தான் முதலில் கூப்பிட ஆரம்பித்தார்கள், எங்கள் பிள்ளைக்கு நீ வந்து அறுத்துவிடம்மா என்று. அவள் அறுத்த பிள்ளைகளில் ஒருத்தன் இப்போது ஓட்டப் பந்தயங்களில் ஓடுகிறான். அவனுடைய அம்மா கடைவீதியில் யாரைக் கண்டாலும் அதைச் சொல்லாமல் விடமாட்டாள்.

பிறகு ருஸ்தெமின் நடனக் குழுவில் சேர்ந்தாள். ருஸ்தெமின் ஆட்டத்தில் தொப்பியும் இல்லை, இறகும் இல்லை, பாதி நேரம் இசைகூட இல்லை. பழைய சுரங்கத் தொழிலாளர் மன்றத்தின் மேடையில் ஆட்கள் விழுவார்கள், எழுவார்கள், ஒருவர் மேல் ஒருவர் ஏறி மேலே எதையோ எட்டப் பார்ப்பார்கள். தரையில் உருள்வதைப் பார்க்க டிக்கெட்டா என்று ஊரே கிண்டல் செய்தது. செய்தவர்களே வந்தும் பார்த்தார்கள். சுரங்கத்தின் தூக்குக்கூண்டு கீழே இறங்குவதை அவன் ஆட்டமாக வைத்தபோது, மூன்றாவது வரிசையில் ஒரு சுரங்கத் தொழிலாளி எழுந்து வெளியே போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். அதற்கப்புறம் கிண்டல் குறைந்தது.

கம்ஷாத்துக்கு ஒரு கல்யாணமும் ஆனது. அவளுக்கு ஒத்திகைதான் புருஷன், நான் வீட்டில் குடியிருப்பவன் என்று சொல்லிவிட்டு அவன் போய்விட்டான். அவன் சொன்னதில் பெரிய பொய் ஒன்றும் இல்லை. பிள்ளை கிடையாது. தம்பி எர்கின் மட்டும்தான் அவளுக்கென்று மிச்சம்.

முப்பத்தெட்டு வயதில் வலது முழங்கால் பேச ஆரம்பித்தது. முதலில் உள்ளே மணல் அரைபடுவது போல ஒரு சத்தம். பிறகு படி இறங்கும்போது ஒரு குத்தல். மருத்துவர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, இனிமேல் குதிக்காதே, குந்தாதே, முடிந்தால் ஆடாதே என்றார். அவள் சரி என்று தலையாட்டிவிட்டு நேரே ஒத்திகைக்குப் போனாள். யாரிடமும் மூச்சு விடவில்லை. அப்போதுதான் ருஸ்தெம் புது ஆட்டத்தில் அவளை முதன்மையாகப் போட்டிருந்தான். வெளிநாட்டு விழா ஒன்று கேட்டு வாங்கியிருந்த ஆட்டம். இருபது வருஷமாக அவள் காத்திருந்த இடம் அது. பின்வரிசையில் ஒரு சின்னப்பெண் அவளுடைய அசைவு ஒவ்வொன்றையும் மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள் என்பதும் அவளுக்குத் தெரியும்.

ஆட்டத்தின் பெயர் 'எழுந்து நின்றவள்'. தரையில் கிடக்கும் ஒருத்தி எழுகிறாள், நடக்கிறாள், ஓடுகிறாள். ஓட்டம் போதவில்லை. இன்னும் வேகம், இன்னும் உயரம் வேண்டும். கால்களுக்கு இயந்திரம் மாட்டிக்கொள்கிறாள். கடைசிக் காட்சியில் அவள் செத்துப்போகிறாள். இயந்திரம் நிற்கவில்லை. செத்தவளைத் தூக்கிக்கொண்டு மேடையைச் சுற்றி நடந்துகொண்டே இருக்கிறது.

அந்த இயந்திரத்தைச் செய்தவன் எடுவார்ட். சுரங்கத்தில் கால் அடிபட்டவர்கள் மறுபடி நடக்கப் பழகுவதற்காகச் செய்தது. இடுப்பில் ஒரு பட்டை, தொடையிலும் கெண்டைக்காலிலும் கம்பிகள், மூட்டுக்கு மூட்டு சின்ன மோட்டார். தசையை இறுக்கினால் அது புரிந்துகொண்டு அந்தப் பக்கம் திரும்பும், நிற்கும், உட்காரும். நடக்க நடக்க மாட்டியவருடைய நடையைக் கற்றுக்கொள்ளும். முதல் நாள் அது அவளுடைய இடுப்பைக் கவ்விக்கொண்டதைப் பார்த்துக் குழுவில் எல்லோரும் சிரித்தார்கள். கம்ஷாத்துக்கு ரெண்டாம் மாப்பிள்ளை வந்தாச்சு, இவன் விட்டுட்டுப் போகமாட்டான் என்றார்கள். அன்றிலிருந்து அதற்கு மாப்பிள்ளை என்றே பெயர்.

எடுவார்ட் ஒன்றுக்குத்தான் சம்மதிக்கவில்லை. அவன் செய்தபடி, மாட்டியவர் தளர்ந்துபோனால் அது நின்றுவிடும். மயங்கி விழுகிற நோயாளிக்காக அப்படி வைத்தது. ருஸ்தெமுக்கு அது நேர்மாறாக வேண்டும். இரண்டு பேரும் வாரக்கணக்கில் முட்டிக்கொண்டார்கள்.

“அவ தளர்ந்தா அது நிக்கணும் ருஸ்தெம். அதுக்குத்தான் நான் அதைச் செஞ்சேன்.”

“மேடையில அது நிக்கக் கூடாது. செத்தவ நடக்கணும். அது இல்லேன்னா இந்த ஆட்டமே இல்ல.”

கடைசியில் எடுவார்ட்தான் இறங்கிவந்தான். தளர்ந்தால் நேரே நட என்று அதற்குச் சொல்லிக்கொடுத்தான். நிறுத்துவதற்கு அவனுடைய கணினி இருந்தது. போதாததற்கு இடுப்புப் பட்டையின் பின்பக்கம் ஒரு பித்தானும் வைத்தான்; ஒருமுறை அழுத்தினால் நிற்கும், மறுபடி அழுத்தினால் தொடரும். மன்றத்தை விட்டு இது வெளியே போகக் கூடாது என்று எல்லோர் முன்னாலும் சொன்னான். கம்ஷாத் முன்னாலும்தான்.

அவளுக்கோ அது மருந்தாகிவிட்டது. மாப்பிள்ளையை மாட்டிக்கொண்டால் முழங்கால் வாயைத் திறக்காது. பாரத்தையெல்லாம் அது வாங்கிக்கொள்ளும். கடைசிக் காட்சியில் உடம்பை அப்படியே விட்டுவிடுவாள். தலை தொங்கும், கை தொங்கும், கால்கள் மட்டும் தன் பாட்டுக்கு நடக்கும். பார்க்கிறவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அவளுக்கு அதைப்போல நிம்மதி வேறு எங்கும் கிடைக்கவில்லை. பிறந்ததிலிருந்து எதையாவது எட்டிப் பிடிக்கவே ஓடியவளுக்கு, ஒன்றும் செய்யாமலே போய்க்கொண்டிருப்பது புதிதாக இருந்தது. அது நல்ல நிம்மதி இல்லை என்று அவளிடம் சொல்ல யாருமில்லை. சொல்லியிருந்தாலும் கேட்டிருப்பாளா என்பது சந்தேகம்.

எர்கினுக்கு மட்டும் அந்த ஆட்டம் பிடிக்கவில்லை. ஒத்திகை பார்க்க ஒருமுறை வந்தவன் கடைசிக் காட்சிக்கு முன்பே எழுந்து போய்விட்டான். சுரங்கத்தில் கூரை சரிந்து அவனுடைய இடது காலை நசுக்கியிருந்தது. வெட்டி எடுக்கவில்லை, ஆனால் அது மடங்காது. ஒவ்வொரு அடிக்கும் இடுப்பைத் தூக்கி, காலை அரைவட்டமாகச் சுற்றித்தான் வைப்பான். அவனுக்கும் மனைவி மெருயெர்த்துக்கும் எட்டு வருஷம் பிள்ளை இல்லை. பிறகு இங்கார் பிறந்தாள். ஓராண்டு நிறைந்து சில வாரத்தில் அவள் மேஜைக் காலைப் பிடித்து எழுந்து நின்றாள். அன்றைக்கே புருஷனும் பெண்டாட்டியும் கம்ஷாத்தின் வீட்டுக் கதவைத் தட்டினார்கள்.

கம்ஷாத் நழுவப் பார்த்தாள். ஒத்திகை, விழா, நேரமில்லை என்றாள். கடைவீதியில் ரொட்டி விற்கும் அந்தச் சுறுசுறுப்பான பெண்ணைக் கூப்பிடலாமே என்றாள். மெருயெர்த்தின் முகம் சுண்டியது. எர்கின் தேநீரைக் கீழே வைத்தான்.

“ஊர்ல இருக்கிற பிள்ளைக்கெல்லாம் அறுத்த. என் பிள்ளைக்கு மட்டும் கை வலிக்குதா?”

“அப்படி இல்லடா.”

“பின்ன எப்படி? என் காலைப் பாரு அக்கா. தினமும் ராத்திரி இவ காலைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கறேன், இது அவளுக்கு வந்துடக் கூடாதேன்னு. உன் கால் வரணும். வேற யார் காலும் வேண்டாம்.”

அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். என் காலும் போய்விட்டது தம்பி என்று நாலு வார்த்தை. ஆனால் மெருயெர்த் தன் அம்மாவிடம் சொல்லுவாள், அம்மா கடைவீதியில் சொல்லுவாள், வார முடிவுக்குள் ருஸ்தெமின் காதுக்கு எட்டிவிடும். பின்வரிசைச் சின்னப்பெண் முன்வரிசைக்கு வந்துவிடுவாள். கம்ஷாத் வருகிறேன் என்று சொல்லிவிட்டாள். அவளுடைய ஆட்டத்துக்கு இந்த ஊரில் யார் வேண்டுமானாலும் கை தட்டட்டும். அந்த ‘வருகிறேன்’ மன்னிக்கக் கூடியது இல்லை. எட்டு வருஷம் காத்திருந்தவனிடம் சொன்னது அது.

நாள் நெருங்க நெருங்க முழங்கால் மோசமானது. படிகளில் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு பக்கவாட்டில்தான் இறங்க முடிந்தது. அவளும் இந்த ஊர்க்காரிதான், கயிற்றின் மேல் அவளுக்கும் பயம் உண்டு. நொண்டிக்கொண்டு போய் அறுத்தால் பிள்ளைக்கு நொண்டல் வரும். அப்பனுக்கு இடது கால், மகளுக்கு வலது கால். அப்போதுதான் அந்த யோசனை வந்தது. மாப்பிள்ளையை மாட்டிக்கொண்டு போனால் நடை நேராக இருக்கும். அது கற்றுக்கொண்டது அவளுடைய பழைய நடையைத்தானே. நேரான நடையில் போய் அறுத்தால் பிள்ளைக்கும் நேரான நடைதானே வரும். இந்தக் கணக்கை மனதுக்குள் போட்டுப் போட்டுச் சரி என்று தேற்றிக்கொண்டாள்.

சடங்கு ஒரு சனிக்கிழமை மதியம். ஒத்திகை அன்று மாலைதான். காலையில் மன்றத்தின் சாவியை வைத்துத் திறந்து பெட்டியிலிருந்து அதை எடுத்தாள். தரை தொடும் பச்சை வெல்வெட் உடையை அதன் மேல் போட்டாள். உடைக்கு மேல், மார்பிலிருந்து இடுப்பு வரை வரிசையாக வெள்ளிக் கொக்கிகள் வைத்த இறுக்கமான மேல்சட்டை. கண்ணாடியில் பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. முன்னைவிட நிமிர்ந்து நின்றாள்.

எர்கின் குடியிருக்கும் கட்டிடத்தின் கீழ்த்தளத்தில் விருந்துக்கூடம். குதிரை இறைச்சியும், மலைபோலக் குவித்த மாவு உருண்டைகளைப் பொரித்த பௌர்சாக்கும், மைக் பிடித்த ஒருவரும், காது கிழியும் இசையும். கம்ஷாத் உள்ளே நுழைந்து கூடத்தைக் குறுக்காகக் கடந்தபோது பேச்சு தணிந்தது. பாருங்க, இந்த வயசுலயும் எப்படி நடக்கறா என்று ஒரு கிழவி வாய்விட்டுச் சொன்னாள். எர்கின் கண்ணைத் துடைத்துக்கொள்ளாமலே அழுதான். அதைப் பார்த்ததும் திரும்பிப் போய்விடலாமா என்று கம்ஷாத்துக்கு ஒரு கணம் தோன்றியது. மாப்பிள்ளை நடந்துகொண்டிருந்தது. அவளும் போனாள்.

வெள்ளைத் துணி விரித்திருந்தது. மெருயெர்த் மண்டியிட்டுப் பிள்ளையின் கால்களில் கயிற்றைக் கட்டினாள். இங்கார் சிவப்புக் காலுறையோடு, என்ன நடக்கிறதென்று தெரியாமல் எல்லோரையும் பார்த்துச் சிரித்தாள். கம்ஷாத் குனிந்தாள். மாப்பிள்ளை பதமாக மடங்கிக் கொடுத்தது. கத்தரிக்கோல் கயிற்றில் விழுந்தது. பெண்கள் கூவி மிட்டாயை அள்ளி வீசினார்கள். அவள் மனதுக்குள் வேண்டிக்கொண்டாள், என்னுடையதைக் கொடு, பழையதைக் கொடு என்று.

அறுத்தவர் பிள்ளையின் கையைப் பிடித்துத் துணியின் மேல் நடத்திப் போக வேண்டும். மெதுவாகத் தொடங்கி வேகமாக. அதுதான் வழக்கம். இங்கார் ஓர் அடி வைத்தாள், இரண்டாவது வைத்தாள். மூன்றாவது அடிக்கு மிட்டாய் ஒன்று காலுக்கடியில் வர, சறுக்கித் தொப்பென்று உட்கார்ந்தாள். கூடம் சிரித்தது. பதறிய கம்ஷாத் பிள்ளையைத் தூக்க வலது முழங்காலை முழுக்க மடித்து இறங்கினாள்.

குந்தாதே என்று மருத்துவர் சொன்னது அந்தக் காலைத்தான். வலி தொடைவரை ஏறியது. கண் இருட்டியது. காலில் இருந்த பலமெல்லாம் ஒரேயடியாக விட்டுப்போனது. அவள் தளர்ந்துவிட்டாள் என்று மாப்பிள்ளை புரிந்துகொண்டது. தளர்ந்தால் என்ன செய்ய வேண்டும் என்று அதற்கு நன்றாகச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

அது எழுந்து நடந்தது. பிள்ளையின் கை அவள் கைக்குள் இருந்தது. இங்கார் ஒரு கையில் தொங்கியபடி பின்னால் இழுபட்டு வந்தாள். சிவப்புக் காலுறைகள் துணியைச் சுருட்டிக்கொண்டு வந்தன. யாருக்கும் ஒன்றும் உறைக்கவில்லை. தாளத்துக்குக் கை தட்டினார்கள். அத்தை ஓட்டற ஓட்டத்தைப் பாருங்க, பொண்ணு நாளைக்குக் குதிரையையே முந்தும் என்று மைக் பிடித்தவர் கத்தினார். கம்ஷாத் நிற்கப் பார்த்தாள். நிற்க வேண்டுமென்றால் காலை இறுக்க வேண்டும், இறுக்கினால் வலி, வலித்தால் மறுபடி தளர்வு. தளர்ந்தால் அது நடக்கும். வேறு வழியில்லாமல் பிள்ளையின் கையை விட்டாள். இங்கார் தரையில் உட்கார்ந்து வீறிட்டாள். அத்தை திரும்பிப் பார்க்காமல் போய்க்கொண்டே இருந்தாள்.

விழுந்து அழும் பிள்ளையை அப்படியே போட்டுவிட்டு, தளை அறுத்தவள் முதுகைக் காட்டிக்கொண்டு வாசலைத் தாண்டிப் போகிறாள். இதைவிடக் கெட்ட சகுனத்தை அந்தக் கூடத்தில் யாரும் கண்டிருக்க முடியாது. கைதட்டல் ஒவ்வொன்றாக நின்றது. இசையையும் யாரோ அணைத்தார்கள். அதற்கப்புறம் பிள்ளையின் அழுகை மட்டும் கேட்டது.

வெளியே முற்றத்தில் ஊஞ்சல்களைக் கடந்து நடந்தாள். பித்தானைத் தேடி முதுகுக்குப் பின்னால் கை போனது. இறுகப் பூட்டிய மேல்சட்டைக்குள் விரல் நுழையவில்லை. பின்னால் எர்கினுடைய காலடி கேட்டது. ஒரு அடி, ஒரு இழுவை, ஒரு அடி, ஒரு இழுவை. அக்கா நில்லு, அக்கா நில்லு என்று கூப்பிட்டுக்கொண்டே வந்தான். அவனால் எட்டிப் பிடிக்க முடியவில்லை. முற்றத்தின் கோடியில் தகரக் கார்கூடம் ஒன்று வந்தது. கம்ஷாத் அதில் தோளைக் கொடுத்து மோதினாள். மாப்பிள்ளை அங்கேயும் நிற்கவில்லை. தகரத்தை உதைத்து உதைத்து நின்ற இடத்திலேயே நடந்தது.

எர்கின் மூச்சு வாங்க வந்து சேர்ந்தான். உடையின் விளிம்பைத் தூக்கிப் பார்த்தான். கம்பிகள் மடங்கி நிமிர்வதைப் பார்த்தான். முதுகுல, பித்தான் என்று அவள் முனகினாள். அவன் மேல்சட்டையைப் பிடித்து இழுத்தான். கொக்கிகள் தெறித்து விழுந்தன. தடவிக் கண்டுபிடித்து அழுத்தினான். சத்தம் நின்றது. கம்ஷாத் தகரத்தில் சரிந்து தெருவைப் பார்த்தபடி உட்கார்ந்தாள்.

“அறுக்கும்போதும் இதுலதான் நின்னியா?”

“ஆமா.”

“எப்பேர்ந்து கால் போச்சு?”

“போன பனிக்காலத்துல. சொல்லியிருக்கணும் தம்பி. நொண்டிக்கிட்டு வந்து அறுக்க மனசு வரல. நேரான நடையா வரட்டும்னுதான்...”

“யாரோட நடை?”

எர்கின் தன் மடங்காத காலைக் கையால் தூக்கித் தள்ளிவைத்து, அவளுக்கு எதிரே நின்றான். அவன் குரல் உயரவேயில்லை.

“என் கால் நொண்டிதான் அக்கா. ஆனா அது என் கால். நீ சொல்லியிருந்தா நானே அறுத்திருப்பேன். என் நொண்டல் வந்திருந்தா வந்துட்டுப் போகட்டும்னு இருந்திருப்பேன். இப்ப என் பிள்ளைக்கு என்ன வந்திருக்கு?”

அவன் திரும்பி நடந்தான். இடுப்பைத் தூக்கி, காலைச் சுற்றி, ஒவ்வொரு அடியாக வாசலுக்குப் போனான். ஜன்னல்களில் முகங்கள் நின்றன. உள்ளே இங்காரின் அழுகை ஓயவில்லை. கம்ஷாத் தரையில் கையை ஊன்றி எழப் பார்த்தாள். முடியவில்லை. மாப்பிள்ளை இல்லாமல் பிள்ளையிடம் போக வேண்டுமென்றால், அந்த முற்றம் முழுவதையும் எல்லோரும் பார்க்கத் தவழ்ந்துதான் கடக்க வேண்டும். மன்றத்தில் மாலை ஒத்திகைக்கு ஆட்கள் வர இன்னும் நேரம் இருந்தது. அதற்குள் இதைப் பெட்டியில் வைத்துவிட்டால் ருஸ்தெமுக்குத் தெரியாது.

கையைப் பின்னால் கொண்டுபோய்ப் பித்தானை அழுத்தினாள். அது அவளைத் தூக்கி நிறுத்தியது. பிள்ளை அழும் பக்கம் திரும்ப வேண்டுமென்றால் ஒரே ஒருமுறை வலியைப் பொறுத்துக் காலை இறுக்க வேண்டும். அவளுடைய முகம் தெருப்பக்கம் இருந்தது. அவள் இறுக்கவில்லை.